கூழாங்குறிச்சிப் பள்ளிக்கூடத்து நம்பர் பூட்டு

கூழாங்குறிச்சி ஜனங்களை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குப் பிடிக்காது. சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். நீங்கள் ஒன்று சொன்னால் அதை அப்படியே செய்வார்கள். அதற்கு மேலே ஒரு இம்மி செய்ய மாட்டார்கள், கீழே ஒரு இம்மி குறைக்கவும் மாட்டார்கள். இந்தக் காலத்தில் அப்படி யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருளைக் கையில் எப்படி வாங்கினோமோ, அப்படியேதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். லோடு ஆட்டோ ஓட்டுகிற மாசானம் ஒரு மழைநாளில், சைக்கிள் கடை நம்பிராஜனிடம் நனைந்த குடை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனான். திருப்பிக் கொடுக்கப் போன அன்றைக்குப் பார்த்தால் மண்டையைப் பிளக்கிற வெயில். குடை காய்ந்து கிடந்தது. மாசானம் குழாயடியில் வரிசையில் நின்று, ஒரு குடம் தண்ணீர் பிடித்து, குடை மேலே ஊற்றி, சொட்டச் சொட்டக் கொண்டுபோய்க் கொடுத்தான். நம்பிராஜனும் தொட்டுப் பார்த்து, "ஈரம் சரியா இருக்கு"ன்னு வாங்கி வைத்தார்.

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிற செல்லக்கிளி அதற்கும் மேலே. ஒரு படி உடைந்த ஏணியை வாங்கினாள். உடைந்த இடத்தில் கட்டை வைத்து அடித்து, ஏறி, வேலையை முடித்தாள். கொடுக்கும்போது அந்தக் கட்டையைச் சுத்தியலால் தட்டி உடைத்துத்தான் கொடுத்தாள்.

இந்த வழக்கத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை நான் சொல்கிறேன்.

ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேலையும் மாசானத்துக்குத்தான். "தொட்டி நிறைஞ்சா நிறுத்திரு"ன்னு பஞ்சாயத்துத் தலைவர் சொல்லியிருந்தார். தொட்டி உயரத்தில் இருக்கிறது, மூடி போட்டு இருக்கிறது. நிறைந்ததை எப்படிப் பார்ப்பது? தொட்டிக்குக் கீழே முதல் வீடு உலகம்மாளுடையது. தண்ணீர் வழிந்து உலகம்மாள் வீட்டு முற்றத்துக்குள் வந்தால் நிறைந்துவிட்டது என்று கணக்கு. தினமும் காலையில் உலகம்மாள் முட்டியளவு தண்ணீரில் நின்று கோலம் போடுவாள்.

உலகம்மாள் மகள் ஆவுடை, ஏழாவது படிக்கிறாள். அவள் புத்தகம் கோலத்தோடு சேர்ந்து மிதந்து போன ஒரு நாள், அவளுக்குக் கோபம் வந்து ஒன்று செய்தாள். ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள்ளே மிதக்கிற மாதிரி ஒரு தெர்மாகோல் துண்டு. ரெண்டு வயர், ஒரு பேட்டரி, ஒரு மணி. டப்பாவில் தண்ணீர் ஏற ஏறத் தெர்மாகோல் மேலே வரும். நிறைந்ததும் ரெண்டு வயரும் தொட்டுக்கொள்ளும். மணி கிர்ர்ர் என்று அடிக்கும். பதினோரு நாள் உட்கார்ந்து செய்தாள்.

பெரிய டீச்சர் கிரேஸ் அதைப் பார்த்து அசந்துபோனார். டவுனில் வெள்ளிக்கிழமை நடக்கிற அறிவியல் கண்காட்சியில் ஆவுடையின் பெயரைக் கொடுத்தார். பஞ்சாயத்துத் தலைவரும், "இது மட்டும் பரிசு வாங்கட்டும், நம்ம தொட்டியிலேயே மாட்டிருவோம்"ன்னு வாக்குக் கொடுத்தார். ஆவுடைக்குப் பரிசு கூடப் பெரிதில்லை. அம்மா காய்ந்த சேலை ஒன்று உடுத்திப் பார்த்ததில்லை என்பதுதான் அவளுக்குக் குறை.

வியாழக்கிழமை சாயங்காலம் மணி டப்பாவை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. போன வருஷம் அட்டையில் செய்து வைத்த ராக்கெட்டை ஆடு தின்றுவிட்டது. அதனால் இந்த வருஷம் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பழைய மாணவர் ஒருவர் இரும்பு அலமாரி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். இடுப்பு உயரம், நாலு கதவு. ஒவ்வொரு கதவிலும் காற்றுப் போக மேலே மூன்று கீறல். ஆனால் பூட்டு ஒன்றுதான் வந்திருந்தது. மற்ற மூன்று கதவுக்குள்ளும் ஒன்றும் வைக்கவில்லை. பூட்டாத அலமாரியில் எதையாவது வைப்பார்களா?

அந்தப் பூட்டு நம்பர் பூட்டு. சாவி கிடையாது. மூன்று சக்கரம், ஒவ்வொன்றிலும் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை. நாம் வைத்த மூன்று எண்ணும் நேராக வந்தால்தான் திறக்கும்.

டீச்சர் டவுனுக்குப் போக ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். போகிற அவசரத்தில், பெற்றோர் குழுத் தலைவியான உலகம்மாளிடம் பூட்டைக் கொடுத்து, நம்பர் மாற்றுவது எப்படி என்று காட்டிவிட்டுச் சொன்னார்: "நம்பரை எங்கயும் எழுதி வைக்காதீங்க. வாய்விட்டுச் சொல்லக் கூடாது. யாராவது சொன்னாலும் காதுல வாங்கக் கூடாது. ஆனா மறக்கவும் கூடாது. புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது டீச்சர்" என்றாள் உலகம்மாள்.

பஸ் போனதும் குழு கூடியது. உலகம்மாள், செல்லக்கிளி, நம்பிராஜன், மாசானம். நாலு பேரும் பூட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விஷயம் பெரியது இல்லையா.

"மனசுல வச்சா மறந்துரும்" என்றார் நம்பிராஜன். "எனக்கு என் பொண்டாட்டி பேரே காலையில வெத்தலை போட்ட பொறவுதான் ஞாபகம் வருது."

"அப்போ என்ன செய்ய அண்ணாச்சி?"

"மனசுக்கு வெளியில வச்சுருவோம். எண்ணிப் பாத்தாத் தெரியுத மாதிரி. இந்தா, முருங்கை மரத்துல காய் தொங்குது. எத்தனை காயோ அது முதல் நம்பர். நாளைக்கு வேணும்னா மறுபடி எண்ணிக்கிட வேண்டியதுதானே? மரம் எங்க ஓடப் போகுது?"

எல்லோரும் முருங்கை மரத்தைப் பார்த்தார்கள். ஓடுகிற மரமாகத் தெரியவில்லை.

"ரெண்டாவது நம்பர் நான் சொல்லுதேன் மயினி" என்றாள் செல்லக்கிளி, உலகம்மாளைப் பார்த்து. "சமையல்கட்டுக்குப் பின்னால நாய் குட்டி போட்டிருக்குல்லா, அதை எண்ணிக்கிடுங்க."

அது பிடித்துப்போய் நம்பிராஜன் சிரித்தார். சிரித்ததும் உலகம்மாளுக்கு மூன்றாவது நம்பரும் கிடைத்துவிட்டது. "அண்ணாச்சி, அப்படியே இருங்க"ன்னு சொல்லி, அவர் வாயில் மிச்சமிருந்த பல்லை எண்ணினாள். காயையும் குட்டியையும் அவளே போய் எண்ணினாள்; எல்லாமே ஒன்பதுக்கு உள்ளேதான் வந்தது.

உலகம்மாள் மட்டும் திரும்பி நின்று மூன்று நம்பரையும் வைத்தாள். ஆவுடையின் மணி டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டினாள். வீட்டுக்குப் போகிற வழியிலேயே மூன்றையும் மறந்தாள். வெளியில் இருக்கும்போது உள்ளே எதற்குச் சுமக்க வேண்டும்?

என்ன நம்பர் என்று எனக்கும் தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை. கண்காட்சிக்குப் பரிசு முடிவு செய்கிற மேற்பார்வையாளர் வருவது மதியம் மூன்று மணிக்கு. பத்து மணிக்கே குழு வந்துவிட்டது. ஆவுடை எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, ரெட்டைச் சடை போட்டுத் தயாராக நின்றாள்.

உலகம்மாள் முருங்கை மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள். ஒரு காய் இல்லை.

"செல்லக்கிளி, காய் எங்கட்டி?"

"சாம்பார்ல மயினி" என்றாள் செல்லக்கிளி, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே. "இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா. மரம் ஓடாதுன்னு அண்ணாச்சி சொன்னாவ. காயைப் பறிக்கக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலியே."

அதுவும் நியாயம்தான். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

"எத்தனை காய் பறிச்ச?"

"கைக்கு எட்டினது பூராவும்."

"எத்தனை?"

"எண்ணல மயினி. நம்பரை வெளியில சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாவல்லா. எண்ணினா வாயில வந்துரும்னு கண்ணை மூடிக்கிட்டுப் பறிச்சேன்."

குழு ஆலோசனை செய்தது. சாம்பார் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. கரண்டியால் அரித்து, முருங்கைத் துண்டு ஒவ்வொன்றையும் எடுத்து, வராந்தாவில் வாழை இலை விரித்துப் பரப்பினார்கள்.

"ஒரு காயை எத்தனை துண்டாப் போட்ட?" என்று மாசானம் கேட்டான்.

"சின்னப் பிள்ளைக்குச் சின்னதா, பெரிய பிள்ளைக்குப் பெருசா."

"அப்போ துண்டை எண்ணிப் பிரயோஜனம் இல்ல" என்றார் நம்பிராஜன். "ஒட்ட வச்சுப் பாப்போம். முன்னால எப்படி இருந்துதோ அப்படி ஆக்கிருவோம்."

நாலு பேரும் குனிந்து, துண்டுக்குத் துண்டு நுனியைச் சேர்த்து வைத்துக்கொண்டே போனார்கள். வாழை இலை முடிந்து, வராந்தா முடிந்து, ரெண்டாம் வகுப்பு வாசல் வரைக்கும் போய்விட்டது. கடைசித் துண்டை வைத்து நிமிர்ந்து நின்று பார்த்தார்கள்.

"எத்தனை காய்?"

"ஒரே காய்" என்றான் மாசானம். "ஆனா நீளமான காய்."

உலகம்மாள் முதல் சக்கரத்தில் ஒன்று வைத்தாள்.

அடுத்து நாய்க்குட்டி. நேற்றுத் தூக்கத்தில் சுருண்டு கிடந்ததுகள் இன்றைக்குச் சமையல்கட்டைச் சுற்றி ஓடின. இதை எண்ணுவதற்குள் அது இந்தப் பக்கம் வந்தது. மாசானம் எண்ணி, பதினேழு என்றான். சக்கரத்தில் பதினேழு இல்லை.

"ஓடவிடாமப் பிடிச்சுக்கிட்டு எண்ணுங்கவே" என்றார் நம்பிராஜன்.

பிடித்தார்கள். உலகம்மாள் கேட்டாள்: "செல்லக்கிளி, உன்கிட்ட எத்தனை?"

"ஒண்ணு மயினி."

"மாசானம், உன்கிட்ட?"

"ஒண்ணுதான் அக்கா."

"அண்ணாச்சி?"

"என்கிட்டயும் ஒண்ணுதான்."

"என்கிட்டயும் ஒண்ணு. எல்லாருக்கும் ஒண்ணு போல ஒண்ணுதான் வருது. சந்தேகமே இல்ல."

ரெண்டாவது சக்கரத்திலும் ஒன்று வைத்தாள். குட்டிகளை எடுத்த இடத்தில், எடுத்த மாதிரியே, ஓடவிட்டார்கள்.

மிச்சம் பல். "அண்ணாச்சி, சிரிங்க" என்றாள் உலகம்மாள்.

நம்பிராஜன் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். "சிரிப்பு வரல்லியேம்மா."

"வாயைத் தொறங்க, எண்ணிக்கிடுதேன்."

"அது எப்படி? நேத்துச் சிரிச்ச வாயைல்லா எண்ணின. சும்மா தொறந்தா வேற கணக்கு வந்துரும். கடவாய்ப் பல்லெல்லாம் தெரியும்."

அதுவும் சரிதான். அவரைச் சிரிக்க வைக்க வேண்டியதுதான். மாசானம் கதை ஒன்று சொன்னான். கதையில் ரெண்டு பேர் செத்துப்போனதால் நம்பிராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்லக்கிளி அவர் விலாவில் கரண்டிக் காம்பால் கிச்சுக்கிச்சு மூட்டினாள். அவர் சிரித்தார்தான், ஆனால் கரண்டியிலிருந்து சாம்பார் தெறித்ததால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அம்மா, நேரம் ஆகுதும்மா" என்றாள் ஆவுடை. அவள் கண் கலங்கிவிட்டது. "மூணாவது நம்பர் மட்டும்தானே தெரியல. பூஜ்யத்துல இருந்து ஒன்பது வரைக்கும் நான் மாத்தி மாத்திப் பாக்குதேன்."

கெட்டிக்காரப் பிள்ளை. பத்தையும் பார்த்தாள். திறக்கவில்லை.

அதற்கப்புறம்தான் செல்லக்கிளியின் போனிலிருந்து டீச்சரைக் கூப்பிட்டார்கள். உலகம்மாள் நடந்ததைச் சொன்னாள்.  அப்புறம் டீச்சர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"உலகம்மா, கேட்டுக்கோங்க. மொத்தமே ஆயிரம் நம்பர்தான். பூஜ்யத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு நம்பராத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் கொண்டியை இழுத்துப் பாருங்க. பத்துப் பேர் கூடுங்க. ஆளுக்கு நூறு. ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவங்க கையில கொடுத்துருங்க. கண்டிப்பாத் திறந்துரும்."

தெளிவாகச் சொல்லிவிட்டார். இனி என்ன? மாசானம் ஓடிப்போய் ஆறு பேரைக் கூட்டி வந்தான். பத்துப் பேரும் அலமாரி முன்னால் வரிசையில் நின்றார்கள்.

முதலில் உலகம்மாள். பூஜ்யம், இழுத்தாள். ஒன்று, இழுத்தாள். இப்படி நூறு தடவை. கையெல்லாம் சிவந்துவிட்டது. திறக்கவில்லை. அடுத்தது செல்லக்கிளி. அவளுக்கு வழி விடுவதற்கு முன்னால் உலகம்மாள் பூட்டைப் பார்த்தாள். அவள் வாங்கும்போது மூன்று சக்கரத்திலும் பூஜ்யம் இருந்தது. வாங்கின மாதிரி கொடுக்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்? மூன்றையும் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு நகர்ந்தாள்.

செல்லக்கிளி பூஜ்யத்திலிருந்து நூறு தடவை இழுத்தாள். மறுபடி பூஜ்யத்துக்குத் திருப்பி, முந்தானையால் ஒரு துடை துடைத்து, நம்பிராஜனிடம் விட்டாள். நம்பிராஜன் நூறு. மாசானம் நூறு. ஒருத்தர் கூட வழக்கத்தை விடவில்லை. பத்தாவது ஆள் நூறு தடவை இழுத்து முடித்து, சக்கரத்தைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுக் கும்பிட்டபோது மணி பன்னிரண்டு.

"ஆயிரமும் ஆயாச்சு டீச்சர்" என்று உலகம்மாள் போனில் சொன்னாள். "ஒண்ணு குறையல. பூட்டை எப்படி வாங்கினோமோ அப்படியே வச்சிருக்கோம்."

டீச்சருக்கு அழுகை வருகிற குரல். "பூட்டு கெட்டுப்போச்சு போலருக்கு. சரி, இனிமே அங்க ஒண்ணும் செய்யாதீங்க. பூட்டை உடைக்காதீங்க, கதவை நெம்பாதீங்க, டப்பா நசுங்கிரும். அலமாரியை அப்படியே மாசானம் வண்டியில ஏத்திக் கொண்டு வாங்க. இங்க கண்காட்சி வாசல்ல பூட்டு ரிப்பேர்காரர் ஒருத்தர் உக்காந்திருக்கார். சீக்கிரம் வாங்க!"

பத்துப் பேரும் அலமாரியைப் பிடித்தார்கள். "ஏலேலோ"ன்னு தூக்கினார்கள். ஒரு சாண் கூட எழும்பவில்லை. இரும்பு இல்லையா.

"கனக்குது" என்றான் மாசானம்.

"கனக்கத்தான் செய்யும்" என்றார் நம்பிராஜன். சைக்கிள் கடைக்காரர், இரும்பு சமாச்சாரத்தில் அவர் சொன்னால் ஊரே கேட்கும். "உள்ள சாமான் இருக்குல்லா. சாமானை இறக்கினா லேசாயிரும்."

"பூட்டியிருக்கே அண்ணாச்சி, எப்படி இறக்க?"

நம்பிராஜன் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்பக்கம் போனார். பின்னால் தகட்டில் நாலு ஸ்குரூ. நாலையும் கழற்றினார். தகட்டை எடுத்துச் சுவரில் சாய்த்தார். உள்ளே கையை விட்டு, மணி டப்பாவை வயர், பேட்டரி, தெர்மாகோல் எல்லாவற்றோடும் பூப்போல எடுத்து ஆவுடை கையில் கொடுத்தார்.

"ஏ ஆவுடை, இதைக் கீழ போட்டுராம வச்சுக்கோ. பதினோரு நாள் உழைப்பு."

"சரி மாமா" என்று ஆவுடை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மறுபடி பத்துப் பேரும் பிடித்தார்கள். முக்கால் கிலோ குறைந்திருந்தது. இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியதில் அலமாரி எழும்பி வண்டியில் ஏறிவிட்டது.

"பாத்தியா, பஞ்சு மாதிரி வந்துட்டு" என்றார் நம்பிராஜன், மூச்சு வாங்கிக்கொண்டே.

லோடு ஆட்டோ டவுனைப் பார்த்துப் போயிற்று. மாசானம் ஓட்டினான். பின்னால் அலமாரி, அதைப் பிடித்துக்கொண்டு உலகம்மாள், செல்லக்கிளி, நம்பிராஜன். நடுவில் ஆவுடை, மடியில் மணி டப்பா. வழி முழுக்க உலகம்மாள் மகளைத் தேற்றிக்கொண்டே வந்தாள். "அழாதட்டி. அந்தப் பூட்டுக்காரர் மட்டும் திறந்துட்டா உன் டப்பா உன் கைக்கு வந்துரும்."

"எப்பம்மா வரும்?" என்று ஆவுடை டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மேடுபள்ளத்தில் அது ரொம்ப ஆடியது.

கண்காட்சி நடந்த பள்ளிக்கூடத்து வாசலில் மாசானம் வண்டியை நிறுத்தினான். அலமாரியை இறக்கினார்கள். நம்பிராஜன் சுற்றிலும் பார்த்துவிட்டு, "உள்ள போறதுக்கு முன்னால சாமானை வச்சுருவோம். டீச்சர் என்ன சொன்னாவ? அப்படியே கொண்டு வாங்கன்னாவ. வெறும் அலமாரியைக் கொண்டுபோய் நிறுத்தினா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாவ?" என்றார்.

எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது, அதைத் தாங்களே யோசிக்கவில்லையே என்று. ஆவுடைதான் டப்பாவை இருந்த இடத்தில், இருந்த மாதிரியே, கீறலுக்கு நேர் கீழே, ஒரு விரல்கடை பிசகாமல் வைத்தாள். நம்பிராஜன் தகட்டைப் பொருத்தி நாலு ஸ்குரூவையும் முறுக்கினார். அவர் முறுக்கினால் முறுக்கினதுதான். அப்புறம் வாசலில் நின்ற டவுன் ஆட்களும் கைகொடுக்க, அலமாரியை உள்ளே கொண்டுபோய் டீச்சர் பிடித்து வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

டீச்சர் ஓடி வந்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார். கன கச்சிதமாகப் பூட்டியிருந்தது.

பூட்டு ரிப்பேர்காரர் சாப்பிடப் போயிருந்தார். மணி இரண்டரை ஆயிற்று. இரண்டே முக்கால் ஆயிற்று. மூன்று மணிக்கு டாண் என்று மேற்பார்வையாளர் வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, கண்டிப்பான மனிதர். பக்கத்து மேசைகளில் எரிமலை பொங்கியது, காற்றாடி சுற்றியது. ஒவ்வொன்றாகப் பார்த்து, குறித்துக்கொண்டு, ஆவுடை முன்னால் வந்து நின்றார்.

"உன் மாடல் எங்கம்மா?"

"உள்ள இருக்கு சார்."

"திறந்து காட்டு."

"திறக்காது சார்."

டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டார். மேற்பார்வையாளர் பேனாவை மூடிக்கொண்டு, "என்ன மாடல் அது?" என்றார்.

"தண்ணி நிறைஞ்சா மணி அடிக்கும் சார்."

"அப்படியா? அடிக்கச் சொல்லு பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேசைக்குத் திரும்பினார்.

ஆவுடை கூழாங்குறிச்சிப் பெண். அடிக்கச் சொல் என்று பெரியவர் சொன்னால் அடிக்க வைக்க வேண்டும். செல்லக்கிளி சோற்றுப் பொட்டலம் கட்டி வந்த வாழை இலையில் அவள் ஒரு துண்டைக் கிழித்து ஓடை மாதிரி மடித்தாள். ஒரு நுனியைக் கதவின் கீறலுக்குள் விட்டாள். உலகம்மாள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி மெதுவாக ஊற்ற ஆரம்பித்தாள். ஒரு பாட்டில் ஊற்றினாள். ஒன்றும் இல்லை. இன்னொரு பாட்டில். உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். முட்டியளவு தண்ணீரும் மிதக்கிற கோலமும்தான் அவள் கண்ணுக்குள் வந்தது. மூன்றாவது பாட்டில் பாதி போயிருக்கும்.

கிர்ர்ர்ர்ர்ர்!

பூட்டின இரும்புக்குள்ளிருந்து, அந்த மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி மணி அடித்தது. இரும்பு அலமாரியும் சேர்ந்து அதிர்ந்ததால் சத்தம் நாலு மடங்கு.

மேற்பார்வையாளர் திரும்பி வந்தார். அலமாரியைச் சுற்றிப் பார்த்தார். கீறலுக்குள் எட்டிப் பார்த்தார். "அட!" என்றார். "டீச்சர், இதே மாதிரி மாடல் இன்னும் மூணு வந்திருக்கு. எல்லாம் திறந்த வாளியில. திறந்த வாளி நிறைஞ்சா நமக்கே தெரியுமே, மணி எதுக்கு? மூடின தொட்டியில, கண்ணுக்குத் தெரியாத தண்ணிக்குத்தான் மணி வேணும். இந்தப் பொண்ணு ஒருத்திதான் யோசிச்சுப் பூட்டியே கொண்டு வந்திருக்கா!"

நம்பிராஜனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வாய் நிறையச் சிரித்தார்.

"அண்ணாச்சி, அப்படியே இருங்க!" என்று உலகம்மாள் கத்தினாள். ஓடிப்போய் அவர் பல்லை எண்ணி, பூட்டின் மூன்றாவது சக்கரத்தைத் திருப்பிவிட்டு, "ஒரு நம்பர் கிடைச்சிட்டு!" என்று பெருமூச்சு விட்டாள்.

முதல் பரிசு ஆவுடைக்கு. ஒரு முழம் உயரத்தில் வெள்ளிக் கலரில் கப்பு. கைதட்டல் ஓய்ந்த நேரத்தில் பூட்டு ரிப்பேர்காரரும் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். பூட்டைக் காதருகே வைத்து ஒவ்வொரு சக்கரமாக உருட்டினார். ஒரு நிமிஷம்தான். டக் என்று திறந்துவிட்டது.

டீச்சருக்கு அப்போதுதான் முகத்தில் ரத்தம் வந்தது. "உலகம்மா, நான் இங்கருந்தே வீட்டுக்குப் போயிருதேன். கப்பையும் டப்பாவையும் உள்ள வச்சுப் பத்திரமாப் பூட்டிக் கொண்டு போங்க. திங்கக்கிழமை காலையில வழிபாட்டுல, பஞ்சாயத்துத் தலைவர் முன்னால கப்பை எடுத்து ஆவுடை கையில கொடுப்போம். தொட்டியில மணி மாட்டுதையும் அன்னைக்கே பேசிருவோம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

கப்பு உள்ளே போனது, டப்பா உள்ளே போனது, பூட்டும் விழுந்தது. ரிப்பேர்காரர் சக்கரத்தைக் கலைத்துவிட்டு, "அம்மா, நம்பரைக் கேட்டுக்கோங்க" என்று வாயைத் திறந்தார்.

நாலு பேரும் ஆவுடையும் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"சொல்லாதீங்க!" என்றாள் உலகம்மாள். "பிறத்தியார் சொன்னாக் காதுல வாங்கக் கூடாதுன்னு டீச்சர் கண்டிப்பாச் சொல்லியிருக்காவ."

"பொறவு எப்படிம்மா திறப்பீங்க?"

காதைப் பொத்தியிருந்ததால் அந்தக் கேள்வி யாருக்கும் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு அலமாரியைத் தூக்கினார்கள். கனத்தது. போகும்போது இருந்ததைவிடக் கப்பு வேறு சேர்ந்திருக்கிறதே. நம்பிராஜன் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். கப்பும் டப்பாவும் ஆவுடை மடியில் ஊருக்கு வந்து, பள்ளிக்கூடம் சேர்ந்ததும் பத்திரமாக உள்ளே போயின. நாலு ஸ்குரூவும் முறுக்கியாயிற்று.

திங்கட்கிழமை காலை வழிபாடு. பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் சலவை வேட்டியில் வந்து உட்கார்ந்திருந்தார். கிரேஸ் டீச்சர் ஆவுடையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, "இப்போ நம்ம பெற்றோர் குழு அந்தக் கப்பைக் கொண்டு வருவாங்க" என்று கையை நீட்டினார்.

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. டீச்சர் எட்டிப் பார்த்தார்.

மாசானத்தின் லோடு ஆட்டோ டவுன் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் அந்த இரும்பு அலமாரி, பூட்டு தொங்க நின்றது. அதை இந்தப் பக்கம் நம்பிராஜனும் அந்தப் பக்கம் செல்லக்கிளியும் பிடித்திருந்தார்கள். நடுவில் ஆவுடை, கப்பு கீழே விழுந்துவிடாமல் ரெண்டு கையாலும் மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயிலில் அது பளபளவென்று மின்னியது.

உலகம்மாள் வண்டியிலிருந்து கையை ஆட்டிக் கத்தினாள்:

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கிடுங்க டீச்சர்! பூட்டுக்காரர்கிட்ட போய்க் கப்பை வெளிய எடுத்துட்டு இந்தா வந்துருதோம்!"